யாராவது தோற்கட்டும்

அறுபதாம் ஆண்டு டிசம்பர் மழையில் தொடங்கி, அடுத்த வருடம் நோன்புக்கு முந்தின வாரம் வரை, உக்குவளை உம்மு குல்தூம் ஐவேளைத் தொழுகைக்குப் பின்னும் கையேந்திக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். இந்தியா தோற்க வேண்டும். அது முடியாவிட்டால் பாகிஸ்தான் தோற்க வேண்டும். இரண்டில் எது என்பதை அவள் அல்லாஹ்வின் நாட்டத்துக்கே விட்டிருந்தாள்.

கிரிக்கெட்டை அவள் ஒரே ஒரு தடவைதான் கண்ணால் கண்டிருக்கிறாள். மாத்தளைக்கு பஸ்ஸில் போகும்போது, ஒரு மைதானத்தில் வெள்ளை உடுப்புப் போட்ட பையன்கள் கொளுத்துகிற வெயிலில் ஆளுக்கொரு மூலையில் சும்மா நின்றுகொண்டிருந்தார்கள். ஏதோ குற்றம் செய்ததற்காக வாத்தியார் நிறுத்தி வைத்திருக்கிறார் என்று எண்ணி அவள் பரிதாபப்பட்டாள். அப்படிப்பட்டவளின் மகள் ஸரீனாவின் கலியாணம் அந்த விளையாட்டில் போய் மாட்டிக்கொண்டதைத் தலைவிதி என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது.

அவளுடைய கணவர் ஜவாஹிர் கொக்கோவும் மிளகும் வாங்கி விற்கிறவர். கண்டி ரோட்டைப் பார்த்தபடி கடை, கடைக்குப் பின்னால் திரை, திரைக்குப் பின்னால் வீடு, வீட்டுக்குப் பின்னால் கொக்கோ காயவைக்கிற சீமெந்துக் களம். களம் முடிகிற இடத்தில் நிலம் சரிந்து சுது கங்கைக்கு இறங்கிவிடும். ஆற்றுக்கு அந்தப் பக்கத்தில் அவளுடைய கூடப் பிறந்த மூத்தவர், நானா பதுர்தீனின் வீடு. மச்சான்மார் இருவரும் கூட்டாகத்தான் கொக்கோ வியாபாரம் செய்தார்கள். பதுர்தீனின் மகன் ரவூபுக்குத்தான் ஸரீனா என்பது அவள் பாவாடை கட்டுகிற காலத்திலிருந்தே இரண்டு வீட்டிலும் பேசி வைத்திருந்த பேச்சு. ரவூப் நாலந்தாப் பக்கம் வேன் கொண்டுபோய் மிளகு ஏற்றி வருகிறவன். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத பிள்ளை என்று அவனை ஊரில் சொல்வார்கள். ஸரீனாவுக்கு அவனைப் பிடிக்கும் என்பதை அவள் யாருக்கும் சொன்னதில்லை, சொல்லாமலே எல்லாருக்கும் தெரியும்.

இதில் கிரிக்கெட் எங்கே வந்தது என்றால், அது முன்னமே இருந்தது. ஜவாஹிர் பாகிஸ்தான் கட்சி. முஸ்லிம் என்பதால் என்று நினைத்துவிடாதீர்கள், அப்படியானால் பதுர்தீனும் முஸ்லிம்தானே. இளவயதில் ஜவாஹிர் கராச்சிக்கு வெற்றிலை அனுப்புகிற ஒரு கொழும்புக் கம்பனியில் வெற்றிலை அடுக்கிக் கட்டியவர். கட்டிய கை தன்னுடையது என்பதால் அந்த நாட்டு வாய்களின் மேல் அவருக்கு ஒரு பாத்தியதை. பதுர்தீனோ இருபது வயதில் வாப்பாவோடு நாகூருக்குப் போய்த் திரும்புகையில், மெட்ராசில் ஒரு மரத்தில் ஏறி அரை நாள் கிரிக்கெட் பார்த்தவர். மரத்திலிருந்து உடம்பு இறங்கியதே தவிர மனம் இன்னும் இறங்கவில்லை. இரண்டு பேரும் பிறந்தது உக்குவளையில். இரண்டு பேருடைய வாப்பாமாரும் அடங்கியிருப்பது ஒரே பள்ளிவாசல் மையவாடியில். ஆனாலும் ரேடியோவில் அந்த இரண்டு நாடுகளின் பெயர் கேட்டால் இரண்டு பேரும் ஆளுக்கொரு நாட்டுக்குச் சொந்தக்காரர் ஆகிவிடுவார்கள்.

முன்பெல்லாம் அது வீட்டுக்கு இனிப்பான சண்டையாக இருந்தது. தோற்ற கட்சிக்காரர் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்த வட்டிலப்பத்தைச் சட்டியோடு கொண்டுபோய் வென்றவர் வாசலில் கொடுக்க வேண்டும். ஐம்பத்திரண்டில் ஜவாஹிர் இரண்டு தரமும் பதுர்தீன் ஒரு தரமும் சட்டி சுமந்தார்கள். அதற்குப் பிறகு என்ன சாபமோ, அந்த இரண்டு நாடுகளும் மோதுகிற ஆட்டமெல்லாம் வெற்றி தோல்வி இல்லாமலே முடிந்தன. ஐம்பத்தைந்தில் ஐந்து ஆட்டம் ஆடினார்கள், ஐந்தும் அப்படியே. வட்டிலப்பச் சட்டி எட்டு வருடமாக எந்தப் பக்கமும் ஆறு தாண்டவில்லை.

அறுபது டிசம்பரில் பம்பாயில் மறுபடி தொடங்கியது. ஜவாஹிரின் கடையில்தான் ரேடியோ. இங்கிலீஷில் சொல்வதைத் தமிழில் சொல்ல கிறிஸ்தோபர் இருந்தார். வேதக்காரர், கொக்கோத் தோட்டமொன்றில் கிளாக்கராக இருந்து ஓய்வெடுத்தவர். ரேடியோக்காரன் ஒரு நிமிடம் பேசினால் இவர் ஒரு வார்த்தையில் முடிப்பார். ரேடியோக்காரன் ஒரு வார்த்தை சொன்னால் இவர் ஐந்து நிமிடம் சொல்வார்.

அன்றைக்குப் பின்னேரம் களம் நிறையக் கொக்கோ. பெட்டியில் வாழையிலை மூடிப் புளிக்கவைத்து, இடையிடையே புரட்டி, புளித்த வாசம் அடங்கி, வெயிலில் போட்டு மூன்றாம் நாள். இன்னும் நாலைந்து வெயில் கிடைத்தால் கையில் அள்ளும்போது சலசலவென்று சத்தம் கேட்கும். தும்பறை மலைப் பக்கம் கறுத்தது. உம்மு குல்தூம் குசினியிலிருந்து மழை வருகிறது என்று கூப்பிட்டாள். கடைக்குள்ளிருந்து "ம்" என்று ஒரு சத்தம் வந்தது. மறுபடி கூப்பிட்டாள். ரேடியோவுக்கு முன்னால் இருந்த மச்சான்மார் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மச்சான் எழும்புவார் என்று ஜவாஹிர் இருந்தார், மச்சான் எழும்புவார் என்று பதுர்தீன் இருந்தார். உம்மு குல்தூமும் ஸரீனாவும் ஓடிப்போய் சாக்கை இழுத்து மூடுவதற்குள் மழை பாதிக் களத்தைக் கழுவிவிட்டது. மற்றப் பாதியும் சாக்குக்குக் கீழே வியர்த்து, இரண்டு நாளில் வெள்ளைப் பூஞ்சணம் பூத்தது. வாங்குகிறவன் ஒரு விதையை உடைத்து மோந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனான். அவ்வளவையும் ஆற்றுச் சரிவில் கொட்ட வேண்டியதாயிற்று.

கொட்டிவிட்டு வந்து நின்ற இடத்தில்தான் பேச்சு தொடங்கியது. ஒங்கட ஆக்கள் மாடு அசைபோடுகிற மாதிரி ஆடினால் மனிசன் எப்போது எழும்புவது என்று பதுர்தீன் கேட்டார். ஒங்கட ஆக்களுக்கு அவனை அவுட்டாக்க வக்கிருந்தால் ஏன் இருக்கப் போகிறோம் என்று ஜவாஹிர் கேட்டார். கொக்கோவில் தொடங்கியது ஆட்டத்துக்குப் போய், ஆட்டத்திலிருந்து முப்பது வருடத்துப் பழங்கதைக்குப் போய், கடைசியில் ஜவாஹிர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது.

"வல்லாஹி! ஒன்ட ஆக்கள் தோத்தா நீ வந்து என்ட வாசல்ல நில்லு. என்ட ஆக்கள் தோத்தா நான் வந்து ஒன்ட வாசல்ல நிக்கிறேன். அது வரைக்கும் ஒன்ட படியில இந்தக் கால் மிதிக்காது."

"வல்லாஹி, என்ட காலும் மிதிக்காது" என்று சொல்லிவிட்டு பதுர்தீன் மழையிலேயே இறங்கிப் போனார்.

அல்லாஹ்வின் பெயரில் செய்த சத்தியம். உம்மு குல்தூம் திரையைப் பிடித்தபடி நின்றாள். பெண் வீட்டார் போய்ப் பேச, மாப்பிள்ளை வீட்டார் வந்து உறுதி சொல்ல வேண்டும் என்பது அவர்களுடைய வழக்கம். இனிப் போகவும் ஆளில்லை, வரவும் ஆளில்லை. பம்பாய் ஆட்டம் வெற்றி தோல்வி இல்லாமல் முடிந்தது. அன்று இரவே அவள் துஆக் கேட்கத் தொடங்கினாள்.

பதுர்தீன் மாத்தளைக்குப் போய்ப் பழைய ரேடியோ ஒன்று வாங்கி வந்தார். ரேடியோ வாங்கலாம், கிறிஸ்தோபரை வாங்க முடியாதே. அதனால் கிறிஸ்தோபர் பகல் சாப்பாடு வரை ஜவாஹிருக்குத் தமிழ் சொன்னார், சாப்பிட்டுவிட்டுப் பாலத்தைத் தாண்டிப் போய் பதுர்தீனுக்குச் சொன்னார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள், அவருக்கு இரண்டு பக்கமும் பிளேன்டீ. ஆட்டத்தைப் பற்றிக் கேட்டு முடித்ததும் இரண்டு பேரும் குரலைத் தாழ்த்திக் கேட்கிற கேள்வி ஒன்றாகவே இருந்தது. அந்தப் பக்கம் ஆள் எப்படி? முகம் எப்படி இருக்கிறது? நத்தார்ப் பெருநாளுக்கு அவர் இரண்டு வீட்டுக்கும் கேக் அனுப்பினார். மச்சான் வீட்டுக்குப் போன துண்டு பெரிதா என்று ஜவாஹிர் கேட்டது உம்மு குல்தூமுக்குத் திரைக்கு இந்தப் பக்கம் கேட்டது.

இதற்கிடையில் அவள் விளையாட்டைக் கற்றுக்கொண்டுவிட்டாள். மிளகு புடைத்துக்கொண்டே திரைக்குப் பின்னால் காதை வைத்திருப்பாள். ஆள் அவுட்டானால் நல்லது, எந்தக் கட்சி என்பது தேவையில்லை. ஓட்டம் ஓடினாலும் நல்லதுதான், ஆனால் சுறுக்காக ஓட வேண்டும். கெட்டது ஒன்றே ஒன்று, அடிக்காமலும் ஆட்டமிழக்காமலும் ஒருவன் நின்றுகொண்டே இருப்பது. அப்படி நிற்கிறவனை அவள் பெயர் தெரியாமலே வெறுத்தாள். மாத்தளை முழுவதிலும் யார் அவுட்டானாலும் "அல்ஹம்துலில்லாஹ்" சொன்ன ஒரே ஆள் அவளாகத்தான் இருப்பாள். ஒருநாள் கிறிஸ்தோபர், அவுஸ்திரேலியாவில் இரண்டு கட்சியும் சரிசமமாக ஓட்டம் எடுத்து ஆட்டம் முடிந்ததென்று அதிசயமாகச் சொன்னார். அப்படியும் ஒரு வழி இருக்கிறதா என்று அவளுக்கு நெஞ்சு பகீரென்றது.

கான்பூர் ஆட்டம் முடிந்தது, யாரும் தோற்கவில்லை. கல்கத்தா, யாரும் தோற்கவில்லை. மெட்ராஸ் ஆட்டத்தில் இரண்டு பக்கமும் மலை மலையாக ஓட்டம் குவித்துவிட்டு அதிலும் யாரும் தோற்கவில்லை. மழை விட்டு, பனி விழுந்து, கொக்கோ இரண்டாம் தரம் காய் பறிக்கிற காலமும் வந்துவிட்டது. ஜவாஹிர் தனியாக நின்று பெட்டி புரட்டினார். முன்பு பெட்டியின் மறுபக்கம் பதுர்தீன் நின்று தள்ளுவார். இப்போது ஒருவரே இரண்டு பக்கமும் சுற்றிச் சுற்றி வந்து புரட்டினார். கூலிக்கு ஆள் கூப்பிடச் சொன்னால், மச்சான் மாதிரி யாருக்கும் அடி வரைக்கும் அள்ளத் தெரியாது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, பிறகு கோபமாக இருமினார்.

அக்குறணையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது அந்த நாட்களில்தான். நல்ல குடும்பம், புடைவைக் கடை. குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் பெரிய கரைச்சல். நோன்பு பிறப்பதற்கு முன்னால் வந்து பெண்ணைப் பார்த்துப் பேச்சை முடித்துக்கொள்வதாகச் சொல்லியனுப்பினார்கள். ஜவாஹிருக்கு அதில் மனமில்லை. ஆனால் என்ன காரணம் சொல்லி மறுப்பது, மச்சான் கட்சி இன்னும் தோற்கவில்லை என்றா என்று அவர் கேட்டார். ஸரீனா அதற்குப் பிறகு வீட்டில் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். விறகு வெட்டினாள், தேங்காய் துருவினாள், ரேடியோ பாடுகிற நேரத்தில் மட்டும் திரைக்குப் பக்கத்தில் வந்து உம்மாவோடு சேர்ந்து மிளகு புடைத்தாள். ஒருநாள், "இன்னும் எத்தனெ மெச் ஈக்கிது உம்மா?" என்று கேட்டாள். ஒன்றுதான் என்று உம்மு குல்தூம் சொன்னாள். அந்த முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை.

அவள் பள்ளிவாசலில் தொழுவிக்கிற அப்துல் ஸமத் லெவ்வையின் வீட்டுக்குப் போய், அவர் மனைவியோடு இருந்து, திரை வழியாக மார்க்கம் கேட்டாள். லெவ்வை தெளிவாகச் சொன்னார். சத்தியம் செய்த பிறகு அதைவிட நல்ல காரியம் ஒன்று தெரிந்தால் சத்தியத்தை முறிக்கலாம். முறிக்கிறவர் பத்து ஏழைகளுக்கு ஆளுக்கொரு அளவு அரிசி பரிகாரமாக, கப்பாறாவாகக் கொடுக்க வேண்டும். முறிப்பதற்கு முன்னாலேயே கொடுத்து வைத்தாலும் குற்றமில்லை. அவ்வளவுதானா என்று அவளுக்கு ஆச்சரியம். பத்து அளவு அரிசிக்கா இந்தப் பாடு? ஓட்டமாக வந்து கணவரிடம் சொன்னாள்.

ஜவாஹிர் நெடுநேரம் தாடியைத் தடவினார். "அல்லாஹ் மன்னிப்பான், குல்தூம். ஒன்ட நானா மன்னிக்க மாட்டாரே. நான் மொதல்ல போய் நின்டா, சாகுற வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்."

கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. அவளுக்கு வந்த கோபத்தில் அன்று சம்பலில் உப்பு இரட்டிப்பாக விழுந்தது. ஜவாஹிர் அதை ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்.

கடைசி ஆட்டம் டில்லியில். தொடக்கத்திலிருந்தே இந்தியாவின் கை ஓங்கி, பாகிஸ்தான் திருப்பி ஆட வேண்டிய நிலைக்கு வந்தது. கடைசி நாள் கிறிஸ்தோபர் ஆற்றைத் தாண்டவில்லை, இந்தப் பக்கமே இருந்துவிட்டார், தாண்டுகிற நேரத்தில் ஏதாவது நடந்துவிட்டால் என்ற பயம். பகலில் ஆள் ஆளாக விழத் தொடங்கினார்கள். ஜவாஹிர் வெற்றிலைத் தட்டைத் தூரத் தள்ளிவிட்டு ரேடியோவுக்கு முன்னால் குந்தினார். திரைக்குப் பின்னால் உம்மாவும் மகளும் கைகோத்து உட்கார்ந்திருந்தார்கள். ஒன்பது பேர் போய்விட்டார்கள். இன்னும் ஒருவன். அவன் மட்டும் போனால் மிச்சமுள்ள கொஞ்ச ஓட்டத்தை எடுக்க இந்தியாவுக்கு நேரம் இருக்கிறது, பாகிஸ்தான் தோற்கும், கணவர் நானா வீட்டு வாசலுக்குப் போவார், மகளுக்குக் கலியாணம் நடக்கும். உம்மு குல்தூம் தன் வாழ்நாளில் எதற்கும் அப்படி வேண்டிக்கொண்டதில்லை.

அந்தக் கடைசி இரண்டு பேரும் போக மாட்டேன் என்று நின்றார்கள். வந்த பந்தையெல்லாம் தடுத்து, தட்டி, நேரத்தை மென்று தின்றார்கள். அவர்களில் ஒருவன் விழுந்தபோது பொழுது கையை விட்டுப் போயிருந்தது. கிறிஸ்தோபர் ரேடியோவை மெல்ல மூடினார்.

"முடிஞ்சிருச்சிங்க முதலாளி. இந்தத் தரமும் ஆரும் தோக்கல்லீங்க."

அப்போதுதான் உம்மு குல்தூம், அந்நிய ஆணோடு பேசாதவள், திரைக்கு உள்ளிருந்து கேட்டாள். "இனி எப்ப விளையாடுவாங்க?"

"அது ஆருக்குங்கம்மா தெரியும்? அஞ்சாறு வருஷம் போகலாம்."

உண்மையில் பதினேழு வருடம் போயிற்று. அதை அன்றைக்கே யாராவது சொல்லியிருந்தால் அவள் அந்த இடத்திலேயே சரிந்திருப்பாள்.

அடுத்த நாள் காலையில் மிளகு புடைக்க ஹமீமா வந்தாள். ஆற்றோரத்துக் குடிசையில் தனியாக இருக்கிற விதவை. அன்று வேலை முடிந்ததும் கூலியோடு சேர்த்துக் கொஞ்சம் அரிசி கட்டிக் கொடுக்கப் போன உம்மு குல்தூமை அவள் தடுத்தாள். வீட்டில் அரிசி நிறைய இருக்கிறதாம், இரண்டு முதலாளிமாரும் தந்ததே இன்னும் முடியவில்லையாம்.

"எந்த ரெண்டு முதலாளி?"

"ஒங்கட முதலாளியும், ஒங்கட நானாவும்தான் ராத்தா. மெட்ராஸ் ஆட்டம் முடிஞ்ச கிழமெ ஒங்கட முதலாளி பத்து பேருக்குக் குடுத்தார். பதுர்தீன் முதலாளிக்குச் சொல்ல வேணாம்னார். பொறகு பதுர்தீன் முதலாளி குடுத்தார், அதே பத்து பேருக்கு. அவர் ஒங்கட முதலாளிக்குச் சொல்ல வேணாம்னார்." கொஞ்சம் பயந்து நிறுத்திவிட்டு ஹமீமா சேர்த்துச் சொன்னாள். "ஒங்களுக்குச் சொல்ல வேணாம்னு ரெண்டு பேரும் சொல்லல்லயே."

உம்மு குல்தூம் சுளகைக் கீழே வைத்தாள். ஆக, இரண்டு பேரும் கப்பாறா கொடுத்து முடித்து ஒரு மாதமாகிறது. அல்லாஹ்விடம் கணக்குத் தீர்ந்துவிட்டது. கால் இரண்டும் விடுதலையாகிவிட்டது. ஆனாலும் இரண்டு பேரும் டில்லி ஆட்டம் முடியும் வரை ரேடியோவுக்கு முன்னால் குந்தியிருந்து, எதிர்க்கட்சி தோற்றால் நாம் இறங்கி வந்ததை யாரும் அறிய வேண்டாமே என்று காத்திருந்திருக்கிறார்கள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தொடங்கியவள் அழுதுவிட்டாள். அக்குறணைக்காரர் வருவது அடுத்த நாள் காலையில்.

பகல் சாப்பாட்டுக்கு வந்த கணவருக்கு முன்னால் பீங்கானை வைத்துவிட்டுச் சோறு போடாமல் நின்றாள்.

"கப்பாறா குடுத்தீங்களா?"

ஜவாஹிர் பீங்கானைப் பார்த்தார். "யாரு சொன்ன?"

"குடுத்தீங்களா, இல்லியா?"

"குடுத்தேன்."

"அப்ப போறதுக்கு என்னா?"

அவர் சிறு பிள்ளை மாதிரி வாய்க்குள்ளேயே சொன்னார். "பாலம் வரைக்கும் போனேன் குல்தூம். ரெண்டு தரம் போனேன். ரெண்டு தரமும் ஒன்ட நானா அந்தப் பக்கத்துல நின்டுக்கிட்டு இங்கயே பாத்துக்கிட்டு ஈந்தார். நான் வாறத பாத்துச் சிரிக்க நிக்கிறார்னு திரும்பி வந்துட்டேன்."

"அவர் ஏன் ரெண்டு தரமும் பாலத்துல வந்து நின்ட?"

இவ்வளவு நாளும் அந்தக் கேள்வி ஜவாஹிருக்குத் தோன்றவே இல்லை.

உம்மு குல்தூமுக்கு இரண்டு பேரையும் அவர்கள் பிறந்த நாளிலிருந்தே தெரிந்த மாதிரி இருந்தது. இப்படியே விட்டால் இரண்டு பேரும் பாலத்துக்குப் போவார்கள். நடுவில் சந்தித்து, யார் முதலில் புறப்பட்டது என்று வழக்குப் பேசி, ஆளுக்கொரு பக்கம் திரும்பி வந்துவிடுவார்கள். அவள் சோற்றைப் போட்டுவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"அஸர் தொழுதுட்டு நீங்க நானா வீட்டுக்குப் போங்க. அந்த நேரம் நானா வீட்டுல இருக்க மாட்டார். மதினியும் ரவூபும்தான் ஈப்பாங்க. மதினிக்கிட்ட வார்த்தெய சொல்லிட்டு வாங்க. நானாட மொகத்தெ நீங்க பாக்கவே தேவல்ல."

"அவர் எங்க போறார்?"

"முக்கியமான ஒரு எடத்துக்கு."

ஜவாஹிர் யோசித்தார். ஆள் இல்லாத நேரத்தில் போய் வந்தால் கண்டு சிரிக்க ஆளில்லை. அது அவருக்குச் சரியாகப் பட்டது. கறி நன்றாக இருக்கிறதென்று கூடச் சொன்னார்.

அவர் கடைக்குப் போனதும் ஹமீமாவை ஆற்றுக்கு அந்தப் பக்கம் அனுப்பினாள். அஸர் தொழுதுவிட்டு நானா தங்கச்சியிடம் வந்து பிள்ளையைக் கேட்க வேண்டும், அந்த நேரம் மச்சான் வீட்டில் இருக்க மாட்டார், ரோட்டுப் பாலத்தால் வர வேண்டாம், ரயில் பாலத்தால் வரட்டும். இவ்வளவும் சொல்லி அனுப்பினாள். ஒரு சொல் பொய் இல்லை என்று தனக்குள் இன்னொரு தரம் சரி பார்த்துக்கொண்டாள்.

பின்னேரம் அஸர் முடிந்ததும் ஜவாஹிர் சாரத்தை இரண்டு தரம் மாற்றினார். வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லாத நாளில் குடையைக் கேட்டு வாங்கிக்கொண்டு இறங்கினார். உம்மு குல்தூம் களத்தின் விளிம்பில் நின்று பார்த்தாள். ரோட்டின் வளைவில் குடை மறைந்தது. இனி பாலம். பாலத்தில் ஆளைக் காணாமல் துணிந்து தாண்டுவாரா, இல்லை பழையபடி திரும்புவாரா என்று அவளால் அங்கிருந்து பார்க்க முடியாது. திரும்பி வந்து இங்கே நானாவைக் கண்டால் எல்லாம் தொலைந்தது. பின்னால் ஸரீனா ஒன்றும் கேட்காமல் காய்ந்த கொக்கோவைக் காலால் புரட்டிக்கொண்டிருந்தாள். சலசலவென்று சத்தம் கேட்டது.

ரயில் ரோட்டுப் பக்கத்தால் மூச்சு வாங்க பதுர்தீன் வந்தார். இரண்டரை மாதத்தில் மெலிந்திருந்தார். வாசலுக்கு வந்தவர் படிக்குக் கீழே நின்றுவிட்டார்.

"மச்சான் இல்லத்தானே?"

"இல்ல நானா."

அவர் படியைப் பார்த்தார். பிஸ்மி சொல்லி வலது காலைத் தூக்கி வைத்தார். ஏறியதும், ஏதோ பெரிய மலையில் ஏறியவர் மாதிரி, கிடைத்த முதல் கதிரையில் உட்கார்ந்தார். அது ஜவாஹிரின் கதிரை. உட்கார்ந்து நெடுநேரம் கையால் கதிரைச் சட்டத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"கொக்கோ புரட்டுறது யாரு?" என்று கேட்டார் முதலில்.

"அவர்தான். தனிய."

"தனியப் புரட்டினா அடி புளிக்காதே." சொல்லிவிட்டு பதுர்தீன் மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். "குல்தூம், ரவூபுக்குப் புள்ளெய தா."

"தந்தாச்சு நானா."

"நீ சொன்னாக் காணாது. வாப்பாக்காரன் வாயால வரணும். அவன் சொல்லணும்."

"அவரு சொல்லிட்டார்."

"எங்க சொன்ன?"

பாலத்தில் நடந்தது என்னவென்று உம்மு குல்தூமுக்கே தெரியாது. ஆனாலும் இருபத்திரண்டு வருடம் ஒருவரோடு வாழ்ந்தவள், அவரை நம்பாமல் வேறு யாரை நம்புவது.

"ஒங்கட வீட்டுல. இப்ப மதினி குடுத்த தேத்தண்ணி குடிச்சிக்கிட்டு ஈப்பார்."

அந்த நேரம் பார்த்து வாசலில் சைக்கிளைச் சாத்திவிட்டு ரவூப் ஓடி வந்தான். மாமி, மாமா எங்கட வீட்டில் வந்து இருக்கிறார், வாப்பாவைக் காணவில்லை என்று தொடங்கியவன், கதிரையில் வாப்பாவைக் கண்டதும் சொல்ல வந்ததை மறந்து நின்றான். உள் கதவுக்குப் பின்னால் கொக்கோவின் சலசலப்பு நின்றுவிட்டது.

பதுர்தீன் மகனைப் பார்த்தார், தங்கச்சியைப் பார்த்தார். விஷயம் மெல்ல மெல்ல அவருக்குள் இறங்கியது. பிறகு ஒரு கேள்விதான் கேட்டார்.

"அப்ப யாரு மொதல்ல மிதிச்ச?"

"எனக்கு மணிக்கூடு பாக்கத் தெரியாது நானா" என்றாள் உம்மு குல்தூம்.

அவள் வாப்பா மணிக்கூட்டுக் கடை வைத்திருந்தவர். பதுர்தீனுக்கு அது தெரியாதா? கதிரை ஆடும்படி அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். தேத்தண்ணி குடித்தார். இன்னொன்று கேட்டுக் குடித்தார். ஆனால் எழும்பவில்லை. அவன் வரட்டும், நான் இங்கேயே இருக்கிறேன் என்றார். அந்தப் பக்கம் ஜவாஹிரும் அதையே சொல்லிக்கொண்டு பதுர்தீனின் கதிரையில் சாய்ந்திருப்பதாக ரவூப் சொன்னான். பொழுது சாய்ந்து மஃரிபுக்கு பாங்கு சொல்லியிராவிட்டால் இருவரும் இன்றும் அங்கேயே இருந்திருப்பார்கள். பாங்கு கேட்டதும் பதுர்தீன் மகனைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கு இறங்கினார். அக்குறணைக்காரரிடம் விடியற்காலையிலேயே போய் மரியாதையாகச் சொல்லி வருவது தன் பொறுப்பு என்று படியிறங்கும்போது சொல்லிப் போனார்.

உம்மு குல்தூம் தொழுது முடித்து விளக்கை ஏற்றினாள். இந்தத் தரம் கையேந்தியபோது கேட்பதற்கு ஒன்றும் வரவில்லை. சும்மா ஏந்தியபடி கொஞ்ச நேரம் இருந்தாள். ஸரீனா குசினியில் ரொட்டிக்கு மாவு குழைத்துக்கொண்டிருந்தாள், அளவுக்கு மேலேயே. பள்ளியிலிருந்து ஆட்கள் கலைகிற சத்தம் கேட்டது. பிறகு எதுவும் கேட்கவில்லை. பள்ளிக்குள் இரண்டு பேரும் பார்த்திருப்பார்களா, ஆளுக்கொரு வாசலால் போயிருப்பார்களா என்று அவள் மனம் கிடந்து அலைந்தது.

அப்போது ரோட்டுப் பக்கத்தில் ஜவாஹிரின் குரல் உயர்ந்தது. கடைசி இரண்டு பேரையும் அவுட்டாக்க வக்கில்லாத ஆக்கள் என்று யாரையோ ஏசினார். நேரம் கொடுத்திருந்தால் தெரிந்திருக்கும், உயிர் தப்பியதற்குப் பள்ளிக்கு நேர்ச்சை வை என்று அதைவிடப் பெரிய குரல் பதில் சொன்னது. இரண்டு குரலும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து அடித்துக்கொண்டு, எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்க்கும்படி, வாசலை நோக்கி வந்துகொண்டிருந்தன.

ஸரீனா மாவுக் கையோடு பதறி ஓடி வந்தாள். "உம்மா, மறுகாவும் சண்டையா?"

"ஓ மகள்" என்றாள் உம்மு குல்தூம். கண்ணீர் வழிந்த முகத்தை அவள் துடைக்கவும் இல்லை. "அல்ஹம்துலில்லாஹ், சண்டைதான்."